ஒரு கெரிஸின் வயதையும் ஊரையும் கணிப்பது எப்படி?

ஜாவாவின் குறுவாளான கெரிஸ் கையில் கிடைத்ததும் எல்லோரும் கேட்பது ஒன்றுதான்: "இது எத்தனை வருஷப் பழசு?" விற்றவர் பெரும்பாலும் ஜாவாவின் பழைய பேரரசான மஜாபாகித்தைச் சொல்லி, "மஜாபாகித் காலம், அறுநூறு வருஷம்" என்றிருப்பார். கத்தியைப் பார்த்தால் துருவேறி, ஓரம் அரித்து, பழசாகத்தான் தெரியும். ஆனாலும் அந்தக் கணக்கை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. முதலில் தீர்த்துக்கொள்ள வேண்டியது, எதனுடைய வயதைக் கேட்கிறோம் என்பதை.

கெரிஸ் பல துண்டுகள் சேர்ந்த பொருள். அலகு, அதாவது கத்திப் பகுதி, தனி. அதன் அடியில் குறுக்கே உட்காரும் இரும்புத் துண்டு தனி. அதைக் கோஞ்சோ என்பார்கள். பிடிக்குள் நுழையும் மெல்லிய முளைக்குப் பெசி என்று பெயர். பிடி, பிடிக்கும் அலகுக்கும் நடுவே இருக்கும் மெண்டாக் என்ற சிறு வளையம், மர உறை, உறையின் தண்டைப் போர்த்தும் பெண்டோக் என்ற உலோகக் கவசம் எல்லாமே வெவ்வேறு கைவினைஞர்கள் செய்தவை. மரம் உளுத்தால் உறையை மாற்றுவார்கள். மகனுக்குத் திருமணம் என்றால் புதுப் பிடி போடுவார்கள். ஆகவே 17ஆம் நூற்றாண்டு அலகு, 19ஆம் நூற்றாண்டு உறை, நாற்பது வருஷத்துப் பிடி மூன்றும் ஒரே கெரிஸில் சேர்ந்திருப்பது சாதாரணம். அதில் மோசடி எதுவும் இல்லை. உடுப்பை வைத்து உடம்பின் வயதைச் சொல்வதுதான் தவறு. அலகுக்கு ஒரு தீர்ப்பு, உடுப்புக்கு இன்னொரு தீர்ப்பு என்று தனித்தனியே எழுதப் பழகிவிட்டால் பாதிக் குழப்பம் தீரும்.

கழற்றுவதும் அளப்பதும்

உறையிலிருந்து உருவும்போது அலகை நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். இரு பக்கமும் விளிம்புள்ள கத்தி என்பதால் சாய்த்து இழுத்தால் உறையின் வாய் சீவப்படும். கையுறை போட்டுக்கொள்ளுங்கள். கெரிஸின் கருமைக்குக் காரணம் பாஷாணம், அதாவது ஆர்சனிக் நஞ்சு. ஜாவாவில் வராங்கான் என்ற பெயரில், எலுமிச்சைச் சாற்றோடு சேர்த்துப் பூசுவார்கள். தொட்ட கையை வாயருகே கொண்டுபோகக் கூடாது. துருவைச் சுரண்டி வரும் தூளை மூச்சோடு இழுக்கவும் கூடாது.

ஜாவா கெரிஸில் பெசியைச் சுற்றித் துணியோ நூலோ சுற்றித்தான் பிடியை இறுக்கியிருப்பார்கள். இடம் வலமாகக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருகினால் கழன்றுவிடும். மலாய்ப் பகுதிக் கெரிஸ்களில் சில நேரம் குங்கிலியப் பிசின் இருக்கும். அதைத் தலைமுடி உலர்த்தும் கருவியின் சூட்டில் இளக்கித் திருகலாம். சுத்தியலால் தட்டவே கூடாது. பல நூறு தடவை கழுவி மாட்டிய பெசி உள்ளே இற்றுப்போயிருக்கும், தட்டினால் முறியும். கழற்ற வரவில்லையென்றால் விட்டுவிடுங்கள்.

வேண்டிய கருவிகள் அதிகமில்லை. பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், வெர்னியர் காலிப்பர், சாய்வாக வெளிச்சம் பாய்ச்ச ஒரு கைவிளக்கு, மெல்லிய பருத்தித் துணி போதும். கோஞ்சோவின் மேலிருந்து நுனி வரை நீளம், கோஞ்சோவின் அகலம், அலகின் கனம் மூன்று இடங்களில் (அடி, நடு, நுனிக்குச் சற்று முன்) குறித்துக்கொள்ளுங்கள். ஜாவா அலகு பொதுவாக 33 முதல் 38 செ.மீ. வரை இருக்கும். பாலி அலகு அதைவிடக் கணிசமாக நீளம், 40 செ.மீ.யைத் தாண்டும். தென் பிலிப்பைன்ஸின் மோரோ மக்களுடையது குறுவாளே இல்லை, 50 செ.மீ.க்கு மேல் போகும் வாள். வெறும் அளவுகோலே ஊரைப் பற்றி இவ்வளவு சொல்லிவிடும்.

வளைவை எண்ணுவதிலும் ஒரு முறை இருக்கிறது. வளைவுக்கு லுக் என்று பெயர். அடியிலிருந்து நுனி நோக்கி, புடைத்த பக்கத்தை மட்டும் இடம், வலம் என்று மாறி மாறி எண்ண வேண்டும். விடை ஒற்றைப்படையில்தான் வரும்: 3, 5, 7 என்று 13 வரை. அதற்கு மேல் போனால் கலாவிஜா என்று தனி வகை. இரட்டைப்படையில் வந்தால் முதலில் திரும்ப எண்ணுங்கள். மறுபடியும் அப்படியே வந்தால் நுனி ஒடிந்து, பின்னால் யாரோ தீட்டிச் சரிசெய்திருக்கக்கூடும். லுக் எண்ணிக்கைக்கும் வயதுக்கும் தொடர்பில்லை. நேர் அலகும் வளை அலகும் எல்லாக் காலத்திலும் செய்யப்பட்டிருக்கின்றன.

அலகு எப்படிப் பிறக்கிறது

தேய்மானத்தைப் படிக்க வேண்டுமென்றால் அலகின் உள்ளமைப்பு தெரிய வேண்டும். கெரிஸ் கொல்லரை எம்பு என்பார்கள். எம்பு இரும்பையும் நிக்கல் கலந்த இரும்பையும் உலையில் காய்ச்சி, ஒன்றோடொன்று ஒட்டும்படி அடித்து, மடித்து, மறுபடி அடிப்பார். அந்த அடுக்குப் பட்டையை இரண்டாக்கி, நடுவில் ஒரு எஃகுத் தகட்டை வைத்து மூன்றையும் ஒன்றாக்குவார். நடு எஃகுக்கு ஸ்லோரோக் என்று பெயர். கூர்விளிம்பாக வெளியே தெரிவது அதுதான். இருபுறமும் தெரியும் வெள்ளிநிறக் கோலம் பாமோர். பாஷாணம் பட்டதும் சாதா இரும்பு கறுக்கும், நிக்கல் உள்ள அடுக்கு வெளுப்பாகவே நிற்கும்.

நம் வாசகர்கள் இதைத் தமிழகத்து உருக்கோடு குழப்பிக்கொள்வதுண்டு. கொடுமணலிலும் மேல்சிறுவலூரிலும் தடயம் கிடைத்த உருக்கு, மூசையில் உருக்கி வார்த்த எஃகு. அந்த வகை எஃகில் கோலம் தெரிந்தால் அது உலோகம் உறையும்போது தானே உண்டாவது. பாமோர் கை மடித்து உண்டாக்கும் அடுக்கு. இரண்டுக்கும் உறவில்லை.

நிக்கல் இரும்பு எங்கிருந்து வந்தது என்பதும் கவனிக்க வேண்டியது. சுலாவேசித் தீவின் லூவு பகுதி இரும்பில் இயற்கையாகவே நிக்கல் உண்டு. தீவுகள் முழுக்க அது விலைபோனது. ஜாவாவில் பிரம்பானான் கோவில் அருகே கிடைத்த விண்கல்லை 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் சுராகார்த்தா அரண்மனைக்கு எடுத்துச் சென்று, அதிலிருந்து வெட்டிய துண்டுகளால் பாமோர் செய்தார்கள். விற்பவர்கள் எல்லாப் பாமோரையும் "விண்கல்" என்று சொல்வது இதனால்தான். விண்கல் பாமோர் உண்மையாகவே அரிது. கண்ணால் பார்த்து அதை உறுதிசெய்ய வழியும் கிடையாது. தொழிற்சாலை நிக்கல் தகடு பரவலாகக் கிடைக்கத் தொடங்கிய பிறகு கொல்லர்கள் அதற்கு மாறினார்கள். அது வயதுக்கு நல்ல தடயம். தொழிற்சாலை நிக்கலின் கோடு பளிச்சென்ற வெண்மையில், ஒரே தடிப்பில், பேனாவால் இழுத்ததுபோல் ஓடும். பழைய பாமோரில் சாம்பலும் வெள்ளியும் கலந்திருக்கும், ஒரே கோட்டுக்குள்ளேயே நிறம் மாறும், ஓரம் இரும்போடு கரைந்து போகும்.

தேய்மானம் சொல்லும் பொய்

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வையுங்கள்: அரிப்பு அலகின் வயதைச் சொல்வதில்லை, அது எத்தனை தடவை, எதனால் கழுவப்பட்டது என்பதைச் சொல்கிறது.

ஜாவாவில் ஆண்டின் முதல் மாதமான சுரோவில் கெரிஸைக் கழுவுவது வழக்கம். தேங்காய்த் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைப்பார்கள். எலுமிச்சையும், நம் பூந்திக்கொட்டை இனத்தைச் சேர்ந்த லெராக் காயும் போட்டுத் தேய்த்துத் துருவை எடுத்து இரும்பை வெள்ளையாக்குவார்கள். பிறகு பாஷாணம், பிறகு சந்தன எண்ணெய். ஒவ்வொரு கழுவலிலும் அமிலம் கொஞ்சம் இரும்பைத் தின்கிறது. வருஷத்துக்கு ஒருமுறை என்றால் நூறு வருஷத்தில் நூறு தடவை. பாலியில் வழக்கம் வேறு. அங்கே அலகின் மேற்பரப்பைக் கல்லால் தீட்டி வழவழப்பாக வைப்பார்கள். அதனால் பாலியின் 18ஆம் நூற்றாண்டு அலகு முழுசாக, சதைப்பற்றோடு இருக்கும். ஜாவாவின் 19ஆம் நூற்றாண்டு அலகு நைந்த இலைபோல் இருக்கும். பார்த்த மாத்திரத்தில் வரிசைப்படுத்தினால் தலைகீழாகத்தான் வரும்.

இதற்கு ஐரோப்பாவில் நல்ல சாட்சி இருக்கிறது. கோபன்ஹேகன், ட்ரெஸ்டன், வியன்னா போன்ற நகரங்களின் அரச சேகரிப்புகளுக்குள் மிகப் பழங்காலத்தில் போய்ச்சேர்ந்த கெரிஸ்கள் உண்டு. யாரும் ஆண்டுதோறும் கழுவாததால் அவற்றின் செதுக்கல் முனைகள் இன்றும் கூர்மையாக இருக்கின்றன. உறுதியாகப் பழையவை என்று தெரிந்த அலகுகளே புதுசுபோல் இருக்கின்றன. சந்தையில் அப்படி ஒன்று வந்தால் பலர் "இது நேற்றுச் செய்தது" என்று தள்ளிவிடுவார்கள்.

அப்படியானால் அரிப்பைப் பார்க்கவே வேண்டாமா? பார்க்க வேண்டும். எவ்வளவு அரித்திருக்கிறது என்பதை விட்டுவிட்டு எப்படி அரித்திருக்கிறது என்பதைப் பாருங்கள். இயல்பாக அரித்த அலகில் மெத்தென்ற இரும்பு முதலில் போகும், நிக்கல் அடுக்கு தாக்குப்பிடிக்கும். அதனால் பாமோர் கோடுகள் மேலெழுந்து, கண்ணை மூடித் தடவினால் விரலுக்குத் தட்டுப்படும். பள்ளங்கள் அடுக்கின் நார் ஓடும் திசையிலேயே நீளும். விளிம்பில் நடு எஃகு மெல்லிய நாக்குபோல் துருத்தி நிற்கும். விரலும் துணியும் அதிகம் படும் விளிம்பும் நுனியும் கூடுதலாகத் தேய்ந்திருக்கும். ஆழமான குழிவுகளின் உள்மூலையில் பழைய செதுக்கல் மிஞ்சியிருக்கும்.

பழசாக்குவதற்காக அமிலத்தில் போட்ட அலகில் இந்த வேறுபாடு இருக்காது. அரிப்பு எல்லா இடத்திலும் ஒரே மாதிரி, அம்மைத் தழும்புபோல் வட்ட வட்டமாக இருக்கும். கோஞ்சோவுக்கும் அலகுக்கும் நடுவே மறைந்த பகுதியும், பிடிக்குள் ஒளிந்த பெசியும்கூட அதே அளவு அரித்திருக்கும். லென்ஸில் பார்த்தால் பள்ளங்களுக்கு நடுவே மேடான இடங்களில் மின்சாரச் சாணைக்கல்லின் இணைகோடுகள் தெரியும். சாய்வு வெளிச்சம் இங்கேதான் உதவும். நேர் வெளிச்சத்தில் இக்கோடுகள் மறைந்துவிடும்.

உண்மையிலேயே பழைய அலகைப் பின்னால் திருத்தி விலையேற்றுவதும் உண்டு. நேர் அலகின் ஓரங்களைச் சாணைபிடித்து வளைவாக்குவார்கள். கண்டுபிடிப்பது எளிது. உலையில் வளைத்த அலகில் பாமோர் கோடுகளும் அலகோடு சேர்ந்து வளைந்து போகும். சாணையில் வெட்டிய வளைவில் கோடுகள் நேராகவே வந்து ஓரத்தில் வெட்டுப்பட்டு நிற்கும். நாகத் தலை, யானை, தங்க வேலைப்பாடு போன்றவற்றைப் பிற்காலத்தில் சேர்த்திருந்தால் அந்தச் செதுக்கல் மட்டும் சுற்றியுள்ள பரப்பைவிடக் கூர்மையாக இருக்கும். அலகு நைந்திருக்க நாகத்தின் செதில் மட்டும் முழுசாக இருப்பது நடக்காத காரியம்.

கோஞ்சோவையும் சோதியுங்கள். எம்பு அதை வழக்கமாக அலகுக்கு அடித்த அதே பட்டையிலிருந்து வெட்டியெடுப்பார். பாமோரின் குணமும் இரும்பின் நிறமும் இரண்டிலும் ஒத்துப்போக வேண்டும். ஒத்துப்போகவில்லையென்றால் கோஞ்சோ மாற்றப்பட்டிருக்கலாம். ஆனால் பாமோரே இல்லாத கரிய கோஞ்சோவை வேண்டுமென்றே போட்ட அலகுகளும் உண்டு. அதற்குக் கோஞ்சோ வூலுங் என்று பெயர். அதைக் குறையாக எண்ண வேண்டாம்.

தங்குஹ் என்றால் ஆண்டு என்று பொருளல்ல

ஜாவாவில் வயதைக் குறிக்கத் தங்குஹ் என்ற சொல்லைப் பயன்படுத்துவார்கள். சொல்லுக்கே "மதிப்பீடு" என்றுதான் பொருள். பஜாஜாரான், மஜாபாகித், தூபான், பிளாம்பாங்கான், மதுரா, மத்தாராம், கார்த்தாசூரா, சுராகார்த்தா, யோக்யகார்த்தா என்று அரசுகளின், ஊர்களின் பெயரால் வரிசை போகும். இரும்பின் நிறமும் தடவும்போது உள்ள தன்மையும், பாமோரின் நுணுக்கம், அலகு முன்னோக்கிச் சாயும் கோணம், கோஞ்சோவின் உருவம், அடிப்பகுதிச் செதுக்கல்களின் விகிதம் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்து "இது மத்தாராம் தங்குஹ்" என்பார்கள்.

தொடக்கநிலையினர் அதிகம் சறுக்குவது இங்கேதான். "மஜாபாகித் தங்குஹ்" என்பதை "மஜாபாகித் காலத்தில் செய்தது" என்று கேட்டுக்கொள்கிறார்கள். அது குறிப்பது பாணியை மட்டுமே. ஒல்லியான, எடை குறைந்த, வறண்ட தோற்றமுள்ள அலகு மஜாபாகித் பாணி. 1755இல் ஜாவா அரசு இரண்டாகப் பிரிந்து யோக்யகார்த்தா தனி அரசானபோது, அதன் எம்புகள் இந்தப் பழைய ஒல்லிப் பாணியையே பின்பற்றினார்கள். சுராகார்த்தா எம்புகள் அகலமும் எடையும் கூடிய, பாமோர் நிறைந்த அலகை விரும்பினார்கள். ஆகவே மஜாபாகித் சாயலுள்ள ஒரு கெரிஸ் 19ஆம் நூற்றாண்டு யோக்யகார்த்தா அலகாக இருப்பதற்கு நல்ல வாய்ப்பு உண்டு.

அடிப்பகுதிச் செதுக்கல்களுக்குச் சேர்த்து ரிச்சிக்கான் என்று பெயர். அவற்றில் நான்கை மட்டும் அடையாளம் காணப் பழகுங்கள். முன்பக்கம் கட்டியாக நிற்கும் பகுதி காண்டிக். அதில் யானைத் துதிக்கைபோல் சுருண்டு நீட்டிக்கொண்டிருப்பது கெம்பாங் காச்சாங். ஜாவாச் சொல்லுக்குப் பயறுப் பூ என்று பொருள், மலாய்க்காரர்கள் அதையே யானைத் துதிக்கை என்கிறார்கள். அலகின் நடுவே மேலேறும் இரு குழிவுகள் சோகோகான். பின்பக்கம் ரம்பப் பல்போல் வெட்டியது கிரெனெங். இவற்றின் கூட்டே அலகின் வடிவப் பெயரை, அதாவது தாப்பூரைத் தீர்மானிக்கும். ஆனால் தாப்பூர் மாதிரிகளை ஒவ்வொரு தலைமுறையும் திரும்பத் திரும்பச் செய்ததால் வடிவப் பெயர் வயதைக் காட்டாது. செதுக்கிய கையின் தரம்தான் காட்டும். கிரெனெங்கின் இடைவெளி சீராக இருக்கிறதா, சோகோகானின் அடி ஒரே ஆழத்தில் ஓடுகிறதா என்று பாருங்கள். அரண்மனை எம்புவுக்கும் கிராமக் கொல்லருக்கும் உள்ள வேறுபாடு அங்கே வெளிப்படும். பலர் அந்தத் தர வேறுபாட்டைக் கால வேறுபாடு என்று தவறாகப் படிக்கிறார்கள்.

காலக்கணக்குக்கு உறுதியான சில ஊன்றுகோல்கள் உண்டு. லாவூ மலைச்சரிவிலுள்ள சுகூஹ் கோவிலில், 15ஆம் நூற்றாண்டுப் புடைப்புச் சிற்பம் ஒன்று கெரிஸ் பட்டறையைக் காட்டுகிறது. அதே நூற்றாண்டில் ஜாவா வந்த சீனப் பயணி மா ஹுவான், அங்குள்ள ஆண்கள் சிறுவர் முதல் முதியவர் வரை இடுப்பில் குறுவாள் செருகியிருப்பதைக் குறித்துவைத்தார். அலகிலேயே ஆண்டு பொறித்த அரிய கெரிஸ் ஒன்றும் இருக்கிறது. சக ஆண்டு 1264, அதாவது கி.பி. 1342 என்று பொறித்தது. 19ஆம் நூற்றாண்டில் யோக்யகார்த்தாவின் ஐந்தாம் பாக்கு ஆலாம் தம் டச்சு மருத்துவர் சார்ல்ஸ் க்னவுட்டுக்குக் கொடுத்தது. அலகின் மேல் இராமாயணக் காட்சிகள் உள்ள செப்புத் தகடு போர்த்தியது. இந்த ஊன்றுகோல்களை வைத்துப் பார்த்தால், 14ஆம் நூற்றாண்டுக்கு முந்தைய அரசுகளின் பெயரில் சுற்றும் "தங்குஹ்" எதையும் ஆண்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தப் பெயர்கள் மரபுவழிக் கதையைச் சேர்ந்தவை.

ஆய்வகத்தில் தேதி கண்டுபிடிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். இரும்பிலுள்ள கரியை வைத்துக் கதிர்க்கரிமச் சோதனை செய்யக் கொள்கையளவில் முடியும். ஆனால் அலகிலிருந்து துண்டு வெட்ட வேண்டும். எம்புகள் பழைய இரும்பை மறுபடி காய்ச்சி அடித்துச் சேர்ப்பவர்கள் என்பதால் வரும் விடை இரும்பின் வயதாக இருக்கும், கத்தியின் வயதாக இருக்காது. எக்ஸ்-கதிர் முறையில் நிக்கல் அளவை அறியலாம். அதுவும் பொருளைச் சொல்லும், ஆண்டைச் சொல்லாது.

எந்த ஊர்?

வயதைவிட ஊரைக் கணிப்பது எளிது. பாலியின் நீண்ட, வழவழப்பான அலகைப் பற்றி மேலே பார்த்தோம். அதன் பிடிகளில் கடவுள், அரக்கன் உருவங்களைச் செதுக்கிக் கல் பதித்திருப்பார்கள். லொம்போக் தீவும் ஏறத்தாழ இதே வழி. ஜாவாவின் பிடி பார்க்க எளியது: வழவழப்பான மரம், அதில் இரண்டு இடத்தில் மட்டும் சிறு செதுக்கல். சுராகார்த்தாப் பிடி தடித்தது, யோக்யகார்த்தாப் பிடி ஒல்லி. உறையின் மேற்பகுதி படகுபோல் அகன்றிருந்தால் சடங்குக்கு உரியது. சுராகார்த்தாவில் அதை லாட்ராங் என்றும் யோக்யகார்த்தாவில் பிராங்கா என்றும் அழைப்பார்கள். உருண்டையாக இருந்தால் அன்றாடத்துக்கான காயாமான். மதுராத் தீவில் பிடியையும் உறையையும் பூவேலையால் நிரப்பி, ஐரோப்பிய மணிமுடி, சிறகு முளைத்த குதிரை வரை செதுக்குவார்கள்.

சுலாவேசியின் புகிஸ் மக்களின் அலகு அடியில் அகன்று இலைபோல் குறுகும். பிடி கைத்துப்பாக்கிப் பிடிபோல் ஏறக்குறைய செங்கோணத்தில் மடங்கும். 18ஆம் நூற்றாண்டில் புகிஸ்காரர்கள் ரியாவ், சிலாங்கூர் பகுதிகளில் அதிகாரம் பெற்றதால் மலாய்த் தீபகற்பக் கெரிஸ்களில் பல புகிஸ் சாயலில் இருக்கும். சுமாத்ராவின் நீளக் கெரிஸ் ஒல்லியாக, குத்துவாள்போல் விறைப்பாக இருக்கும். அதன் பிடியில் கைகளைக் கட்டிக்கொண்டு குறுகி உட்கார்ந்த உருவம் ஒன்று இருக்கும். "காய்ச்சல்கார ஜாவாக்காரன்" என்று பொருள்படும் ஜாவா டெமாம் என்பது அதன் பெயர். தாய்லாந்தின் தென்கோடியான பட்டானியிலும் அதை அடுத்த மலேசிய மாநிலமான கிளந்தானிலும் தஜோங் பிடி உண்டு. நீண்ட மூக்குள்ள முகம் அது. மூக்கைப் பறவையின் அலகு என்று எண்ணி மீன்கொத்திக் கெரிஸ் என்று சந்தையில் அழைக்கிறார்கள். செதுக்கியிருப்பது பறவையே அல்ல.

மோரோ வாளில் வயதுக்குத் தடயங்கள் மற்றவற்றைவிடத் தெளிவாக இருக்கும். கோஞ்சோவுக்கும் அலகுக்கும் இடையே உள்ள கோட்டைப் பாருங்கள். கோடு கடைசிவரை நேராக ஓடினால் பொதுவாகப் பழையது. ஒரு முனைக்கு அருகில் சாய்ந்து இறங்கினால் 19ஆம் நூற்றாண்டு அல்லது அதற்குப் பிந்தியது. கோஞ்சோ தனித்துண்டாக இல்லாமல், கோடு மட்டும் கீறி ஏமாற்றியிருந்தால் பெரும்பாலும் 20ஆம் நூற்றாண்டு, அதிலும் 1930களுக்குப் பிறகு. இது சேகரிப்பாளர்களின் அனுபவ விதி, விலக்குகள் உண்டு. ஜாவாவிலும் கோஞ்சோவைத் தனியே வெட்டாமல் அலகோடு ஒன்றாகவே விட்ட இராஸ் வகை உண்டு, ஆகவே இந்த விதியை ஜாவா அலகுமீது போடக் கூடாது.

கெரிஸ் பயணம் செய்யும் பொருள் என்பதையும் மறக்க வேண்டாம். ஜாவா அலகு பாலிக்குப் போய்ப் பாலி உடுப்புப் போட்டிருக்கும். புகிஸ் அலகு சுமாத்ரா உறையில் கிடக்கும். உறையின் வாயில் கோஞ்சோ பிசிறில்லாமல் படிந்து உட்கார்கிறதா என்று பாருங்கள். இடைவெளி தெரிந்தாலோ, உள்ளே புதிதாகச் சீவிய மரம் தெரிந்தாலோ, அந்த உறை அந்த அலகுக்குச் செய்ததில்லை.

புதியவை

1945இல் இந்தோனேசியா விடுதலை அறிவித்த பிறகு செய்த அலகுகளைக் காமார்டிகான் என்பார்கள். இதை இழிவுச்சொல்லாக எடுக்க வேண்டாம். மதுராத் தீவின் சுமெனெப் பகுதியிலுள்ள ஆயெங் தோங்-தோங் கிராமத்தில் இன்றும் ஏராளமான கொல்லர்கள் இருக்கிறார்கள். அவர்களின் சிறந்த வேலை பழைய அரண்மனை வேலைக்கு ஈடாக நிற்கும். இந்தோனேசியக் கெரிஸை யுனெஸ்கோ 2005இல் மனிதகுல மரபுச் செல்வமாக அறிவித்த பிறகு இந்தக் கைவினைக்கு மதிப்புக் கூடியிருக்கிறது. புதியதைப் புதியதென்று சொல்லி விற்றால் அது நல்ல கெரிஸ்.

பயணிகளுக்கான நினைவுப்பொருள் வேறு. இரும்புத் தகட்டை வளைவாக வெட்டியிருப்பார்கள், அதனால் அடியிலும் நுனியிலும் கனம் ஒன்றே. காலிப்பர் அளவு இங்கே உடனே காட்டிக்கொடுக்கும். உண்மையான அலகு அடியில் தடித்து நுனிக்குப் போகப் போக மெலியும். தகட்டுக் கத்தியில் பாமோர் அமிலத்தால் வரைந்த படமாக இருக்கும். விளிம்பில் அடுக்கோ நடு எஃகோ தெரியாது. பெசியைப் பற்றவைத்த தழும்பும் பெரும்பாலும் இருக்கும்.

தாள் சொல்வதும் கத்தி சொல்வதும்

ஒரு கெரிஸ் யாருடையது என்பதற்கு வடிவம் மட்டும் சாட்சியாகாது, தாள் வேண்டும். தாள் இருந்தாலும் வாதம் முடிந்துவிடாது. ஜாவாவில் டச்சுக்காரர்களை எதிர்த்துப் போரிட்ட இளவரசர் டிப்போனெகோரோவின் கெரிஸ் அதற்கு உதாரணம். 1830இல் டச்சுக்காரர்களால் பிடிபட்ட அவருடைய நாகா சிலுமான் என்ற கெரிஸ் நெதர்லாந்து அரசரிடம் போய்ச்சேர்ந்து, பிறகு அங்குள்ள சேகரிப்பில் எது அது என்று தெரியாமல் போனது. பழைய கடிதங்களையும், ஓவியர் ராடேன் சாலே அதைப் பற்றி எழுதிய குறிப்பையும் வைத்து அடையாளம் கண்டு, 2020 மார்ச்சில் இந்தோனேசியாவிடம் திருப்பிக் கொடுத்தார்கள். உடனே ஜாவாவில் கேள்வி எழுந்தது. சிலுமான் என்றால் மாயமாய் மறைவது. அந்த வடிவத்தில் நாகத்தின் தலை மட்டும் தெரிந்து உடல் மறைந்திருக்க வேண்டும். திரும்பி வந்த அலகிலோ நாகத்தின் உடல் தெளிவாக இருந்தது. கெரிஸின் செல்லப்பெயரும் வடிவப்பெயரும் ஒன்றாக இருக்க வேண்டிய கட்டாயமில்லை என்பது மறுதரப்பின் விடை. இந்த இரண்டு தரப்பும் எதை வைத்து வாதாடின என்று கவனித்தால், கணிப்பு எப்படி நடக்கிறது என்பதே விளங்கிவிடும்: ஒருவர் கடிதத்தைப் படித்தார், மற்றவர் அலகைப் படித்தார்.

வீட்டிலுள்ள கெரிஸுக்கு இவ்வளவு தாள் இருக்காது. வாங்கிய சீட்டு, பழைய புகைப்படம், உறைக்குள் ஒட்டிய துண்டுச்சீட்டு எதுவானாலும் கழற்றி எறியாமல் படமெடுத்து வையுங்கள். கழுவுவதற்கு முன்னால் படமெடுக்க வேண்டும். பழைய கருமையை ஒருமுறை எடுத்துவிட்டால் அது சொன்ன செய்தியும் போய்விடும்.

எல்லாம் பார்த்து முடித்தபின் குறிப்பை இப்படி எழுதலாம்: "அலகு ஜாவா, 36 செ.மீ., 9 லுக், யோக்யகார்த்தாப் பாணி, 19ஆம் நூற்றாண்டாக இருக்கலாம். கோஞ்சோவின் பாமோர் அலகோடு ஒத்துப்போகிறது. பாமோர் கோடுகள் விரலுக்குத் தட்டுப்படுகின்றன. அரிப்பு அடுக்கின் திசையில். நுனி சற்றே தீட்டப்பட்டிருக்கிறது. உறை சுராகார்த்தாவின் காயாமான், வாய் புதிதாகச் சீவப்பட்டது, அலகோடு பிறந்ததல்ல. பிடி 20ஆம் நூற்றாண்டு. ஆவணம் எதுவும் இல்லை."